த/பெ. அதினி

லாசர் சார் கொடுத்துவிட்டுப் போன நாற்பது பக்கம்
மூன்று வாரமாக என் மேசையில்.
தம்புச் செட்டித் தெரு, மாடிப்படிக்குக் கீழே கடை.
தட்டச்சு பக்கம் பதினைந்து ரூபாய்,
வாயில் நுழையாத பெயர் வந்தால் இருபது.
இந்த நாற்பதும் இருபதுதான்.

பித் அதினி. தில் பர்சிப். சித்தம்ராத்.
யூப்ரடீஸ் வளைவில் அரமேயர் ஆண்ட கையகல நாடு.
கணினி ஒவ்வொரு பெயருக்கும் கீழே
சிவப்பாய்க் கோடு கிழிக்கிறது,
அப்படி ஒன்று இல்லை என்று.

இருந்தது.
கடைசியாய் ஆண்டவன் அகூனி.
முதலில் வந்த அசீரிய ராஜாவுக்கு
வெள்ளி கொடுத்தான், தகரம் கொடுத்தான்,
தந்தம் இழைத்த கட்டில் கொடுத்தான்.
அந்த ராஜா செத்து மகன் வந்தான், சல்மனேசர்.
மகனுக்குக் கட்டில் போதவில்லை.
ஆறு வேண்டியிருந்தது.

நடுவே அஞ்சலாட்சி வந்து நிற்கிறாள்,
கொருக்குப்பேட்டை, கால்வாய்க் கரை.
"மொத்தமும் எடுக்கறாங்களாம், ஒரு மனு அடிச்சுக் குடு.
போன தபா அடிச்சது இருக்கும்ல, தேதிய மட்டும் மாத்து."
இருக்கிறது.
எல்லா மனுவும் ஒரே கோப்புதான்.
பெயரை மாற்றுவேன், கதவு எண்ணை மாற்றுவேன்,
'பணிவுடன்' அப்படியே கிடக்கும்.

அவள் டீ குடிக்கப் போனதும் மறுபடி ஆற்றில் இறங்கினேன்.
வருஷா வருஷம் வந்தான் சல்மனேசர்,
வெள்ளம் பெருகிய நாளிலும்
காற்றடைத்த ஆட்டுத்தோல் தெப்பத்தில்.
அகூனி கோட்டையை விட்டு
மறுகரையில் ஒரு மலை ஏறினான்.
வானத்திலிருந்து மேகம்போல் தொங்கும் மலை.
இது லாசர் சார் வரியில்லை,
ஜெயித்தவனின் கல்வெட்டில் இருக்கிறதாம்.
பகைவன் ஒளிந்த மலையைக்கூட
இப்படி எழுதத் தெரிந்த எழுத்தர் ஒருவர்
அங்கே சம்பளத்துக்கு இருந்திருக்கிறார்.
பக்கத்துக்கு என்ன கொடுத்தார்களோ.

அந்த மேகத்தையும் பிடித்தார்கள்.
தேர், குதிரை, பதினேழாயிரத்து ஐந்நூறு வீரர்,
எண்ணிக் கடத்தி
அசூர் நகரத்தில் இறக்கினார்கள்.
எண்ணிக்கையில் மட்டும் பிசகே வருவதில்லை.
அஞ்சலாட்சியின் டோக்கனில்
பெரும்பாக்கம், ஏழாவது மாடி.
லிஃப்ட் ஓடும் நாளும் உண்டாம்.

தில் பர்சிப்புக்குப் பெயர் மாற்றினார்கள்:
சல்மனேசர் துறை.
இதைத் தட்டும்போது சிரிப்பு வந்தது.
நான் உட்கார்ந்திருக்கும் இடமும் கருப்பர் பட்டணம்தான்,
கடலுக்கு அப்பால் ஒரு ராஜா முடிசூடினார் என்று
ஜார்ஜ் டவுன் ஆனது.
தபால்காரருக்கு இரண்டும் வேண்டாம்,
பின்கோடு போதும்.

சல்மனேசர் துறையும் நிலைக்கவில்லை.
இப்போது அங்கே ஓர் அரபுப் பெயர்,
சிவந்த மேடு என்று அர்த்தமாம்.
'செங்குன்றம்' என்று தட்டிவிட்டு
அழித்தேன். சார் திட்டுவார்.

நாற்பது பக்கத்திலும் சல்மனேசரே பேசுகிறான்:
கடந்தேன், எரித்தேன், எண்ணினேன்.
அகூனி சொன்னதாக ஒரு சொல் இல்லை.
அசூரில் இறங்கிய அன்றைக்கு
யாரிடம் எந்த மொழியில் தண்ணீர் கேட்டானோ.
'அகூனி, அதினியின் மகன்.'
விட்டுவைத்தது இவ்வளவு.

கரண்ட் போய் வந்தது.
சும்மாதான்,
பழைய மனுக் கோப்பைத் திறந்து அடித்தேன்:

அனுப்புநர்: அகூனி, த/பெ. அதினி,
ஆற்றங்கரை, தில் பர்சிப்.
பொருள்: மேற்படி முகவரியிலேயே
தொடர்ந்து இருக்க அனுமதி வேண்டி.

பெறுநரில் கலெக்டர் பெயர்
ஏற்கெனவே இருந்தது. மாற்றவில்லை.

பிரிண்டர் இரண்டையும் சேர்த்துத் துப்பியிருக்கிறது,
அஞ்சலாட்சி இரண்டிலும் கைநாட்டு வைத்திருக்கிறாள்.
நான் பார்த்தது திங்கட்கிழமை சாயங்காலம்,
சீல் குத்திய இரண்டு ரசீதோடு
அவள் படியிறங்கி வந்தபோது.

"க்யூவுல ஒரு பையன் படிச்சுச் சொன்னான்.
யாரு இந்த அகூனி, எங்க லைன்ல இல்லியே?"

"ஆத்தோரம்" என்றேன்.

ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே கேட்டாள்:
"அவனுக்கு எத்தனாவது மாடி?"